தாமதம் தங்கும் இடம்

விரைவு என்னும் ஒரு சொல்லை நாம் இரு வேறு பொருள்களில் வழங்கி வருகிறோம். ஒரு வாய்க்காலில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் பாய்கிறது என்பது ஒன்று. மதகைத் திறந்தபின் முதல் நீர் கடைமடை வயலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது மற்றொன்று. முன்னது வாய்க்காலின் அகலத்தைப் பெரிதும் பொறுத்தது. பின்னது தொலைவையும் வழியில் உள்ள தடைகளையும் பொறுத்தது. வாய்க்கால் அகன்றிருப்பதனால் மட்டும் தொலைவு சுருங்கிவிடாது.

இணைய இணைப்புக்கும் இஃது அப்படியே பொருந்தும். 50 மெகாபிட், 100 மெகாபிட் என்று விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காண்பதெல்லாம் அகலத்தின் அளவே. ஒரு செய்தி சென்று மீள ஆகும் நேரமாகிய தாமதம் அவ்விளம்பரங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால், இணையவழி ஆட்டம் ஆடும் இளைஞனுக்கு வேண்டுவது இந்த இரண்டாவதே. ஆட்டம் வினாடிக்குச் சில பத்துச் சிறு பொட்டலங்களையே அனுப்பிப் பெறுகிறது. அதற்குத் தேவையான அகலம் மிகவும் குறைவு. எனினும் ஒவ்வொரு பொட்டலமும் உரிய காலத்தில் போய்த் திரும்பியாக வேண்டும். கண்ணால் கண்டதற்குக் கையால் எதிர்வினை ஆற்ற மனிதனுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி வினாடி ஆகிறது. மில்லி வினாடி என்பது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பியின் தாமதம் அதனினும் மிகுமாயின், ஆடுபவனின் திறமை பயனற்றுப் போகும் அன்றோ!

இவ்வளவு சிறிய பொருள் பற்றி ஒரு மலரில் எழுத வேண்டுமா என்று பெரியவர்கள் கருதலாம். ஓர் இல்லத்தில் இத்தாமதம் ஒரு மூதாட்டியின் பேச்சையே நிறுத்திவிட்டது என்பதனால் எழுதுகிறோம்.

உக்கடம் பகுதியில் உள்ள எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஒரே இணைய இணைப்பை ஒன்பது பேர் பகிர்ந்துகொள்கிறோம். பொறியியல் பயிலும் இளைய மகன் மாலையில் நண்பர்களுடன் சிறிது நேரம் ஆடுவான். அவனுடைய நன்னிமா, சவூதி அரேபியாவில் பணிபுரியும் தம் மகனோடு இரவு எட்டு மணியளவில் இணைய வழியே பேசுவார். அங்கே அப்பொழுது மாலை ஐந்தரை. பணி முடியும் நேரம். சில வாரங்களாக அந்த வேளையில் ஆட்டம் தடுமாறியது. நன்னிமாவின் காதிலும் மகனின் குரல் விட்டுவிட்டே விழுந்தது. ஒரு நாள் இளையவன் எங்களிடம் வந்து, "அத்தா, நன்னிமா போன் பேசறப்பத்தானுங்க பிங்கு எகிறுது" என்று முறையிட்டான். அது நன்னிமாவின் செவியிலும் விழுந்தது. "புள்ள வெளயாடட்டும், நான் நாளைக்குப் பேசிக்கிறேன்" என்று கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாளை, ஐந்து நாளாகியும் வரவில்லை.

குற்றச்சாட்டு எழுந்துவிட்டது. விசாரணை வேண்டும். விசாரணை என்றால் அளவு வேண்டும்.

அளவுகோல்

தாமதத்தை அளக்கும் கருவி எல்லாக் கணிப்பொறிகளிலும் உள்ளது. அதன் பெயர் பிங். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டுத் தொலைவறியும் முறையை நினைந்தே அப்பெயரை இட்டார். ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலத்தை அனுப்பி, அது மீண்டு வர ஆகும் நேரத்தை அந்நிரல் மில்லி வினாடியில் கூறும்.

இளையவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தோம். மூன்று நாள்கள், ஃபஜ்ருக்குப் பின்னரும் மஃரிபுக்குப் பின்னரும், மூன்று இடங்களுக்கு அளவெடுக்கச் சொன்னோம். வீட்டுக் கூடத்தில் உள்ள ரூட்டர் முதலாவது; இணைப்பு தரும் நிறுவனத்தின் முதற்படி இரண்டாவது; ஆட்டம் நடைபெறும் தொலைவிடத்துச் சர்வர் மூன்றாவது. எந்த இடத்தில் எண் உயர்கிறதோ அந்த இடத்திற்கு முன்னதாகவே தாமதம் தங்கியிருக்கிறது. மருத்துவர் உடலெங்கும் தொட்டுப் பார்த்து நோவுள்ள இடத்தை அறிவது போன்றதே இம்முறை.

தொலைவின் பங்கு

தாமதத்தில் ஒரு பங்கு எவராலும் நீக்க இயலாதது. அதை முதலில் கழித்துவிட வேண்டும்.

தொழுகை நேர அட்டவணையைப் பார்ப்போருக்கு இது புதிதன்று. சென்னைக்கும் கோவைக்கும் இடையே தீர்க்கரேகையில் மூன்று பாகைக்குச் சற்றே மிகுதியான வேறுபாடு உண்டு. ஆகவே நண்பகல் இங்கே ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தி வருகிறது. எவ்வளவு விரைந்து நடந்தாலும் அந்நிமிடங்களை எவரும் குறைத்துவிட முடியாது. ஒளிக்கும் அத்தகைய கட்டு ஒன்று உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் ஆய்வு செய்த அறிஞர் இப்னுல் ஹைஸம், பதினொன்றாம் நூற்றாண்டில் எழுதிய ஒளியியல் நூலாகிய கிதாபுல் மனாஸிரில், ஒளி செல்வதற்கும் காலம் வேண்டும், அது புலனுக்குத் தெரியாத அளவு சிறிதாயினும் காலமே என்று கருதினார். 1676ஆம் ஆண்டில் ஓலே ரோமர் என்னும் டேனிஷ் வானியலார், வியாழன் கோளின் துணைக்கோள் ஒன்று மறையும் நேரங்களை ஒப்பிட்டு, அதனை மெய்ப்பித்தார்.

வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. இணையச் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் அது ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டராகக் குறைகிறது. ஆகவே ஒவ்வோர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் போகவர 10 மில்லி வினாடி என்று கணக்கிடலாம். கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மும்பை 1,200க்கும் மேல். இழை நேர்க்கோட்டில் செல்வதில்லை. இடையிலுள்ள கருவிகளும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே மும்பைக்கு 30 முதல் 40 மில்லி வினாடி காட்டினால் அதில் குறை கூற ஒன்றுமில்லை. சிங்கப்பூர்ச் சர்வரில் ஆடினால் சென்னையிலிருந்து மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடலடி வழி சேர்கிறது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி சென்ற அதே கடலில்தான் இன்று கண்ணாடி இழைகள் கிடக்கின்றன. கம்பி மாறினாலும் தொலைவு மாறவில்லை.

ஆதலால் முதல் அறிவுரை எளியது: ஆட்டத்தின் அமைப்பில் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்திற்குச் சென்னையிலும் மும்பையிலும், 2020இல் வெளியான வலோரண்ட் ஆட்டத்திற்கு மும்பையிலும் சர்வர்கள் உண்டு. இயற்கையின் எல்லையைத் தாண்டித் தாமதத்தைக் குறைப்பதாகக் கூறி விற்கப்படும் செயலிகளை ஐயத்துடன் நோக்குவதே அறிவுடைமை. சுற்றி வளைத்துச் செல்லும் வழியை மாற்றித் தருவதால் சிற்சில வேளை அவை உதவலாம்; ஆனால் ஒளியை விரைவுபடுத்த அவற்றால் ஆகாது.

எங்கள் குறிப்பேட்டில் ஃபஜ்ருக்குப் பின் மும்பைக்கான அளவு 34 என்றிருந்தது. ஆக, தொலைவு குற்றவாளி அன்று என்பது தெளிவாயிற்று.

சுவருக்குள் ஒளிந்த தாமதம்

இரண்டாவது ஐயம் வைஃபையின் மேல் எழுந்தது. எங்கள் வீடு பழைய கட்டடம், சுவர்கள் அகலமானவை. ரூட்டர் முன்கூடத்தில், இளையவனின் மேசை பின்னறையில். கம்பி வழியே ரூட்டருக்கு 1 மில்லி வினாடி காட்டியது. அதே ரூட்டருக்குப் பின்னறையிலிருந்து வைஃபை வழியே ஒரு முறை 5, அடுத்த முறை 60, பின்னர் 12, பின்னர் 90 என்று எண் தாவியது. ஒரே சீரான 60ஐ ஆட்டம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இவ்வாறு தாவும் அளவைப் பொறுத்துக்கொள்ளாது. நடையில் ஒழுங்கு தவறினால் இடறுவது இயல்பு.

வைஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அண்டை வீட்டு ரூட்டர்களும், புளூடூத் கருவிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் இரைச்சலிடும். அவ்வரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. நெருக்கமான தெருக்களில் இருபது வீட்டு ரூட்டர்கள் இம்மூன்றையே பங்கிட வேண்டியுள்ளது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் அது தளர்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுவதைவிட, ஆடும் கணிப்பொறிக்கு ஒரு லேன் கம்பி இழுத்துவிடுவதே தீர்வு. 15 மீட்டர் கம்பியைச் சுவரோரமாக அடித்துக் கொடுத்தோம். தாவல் அடங்கியது.

எனினும், இரவு எட்டு மணிக்கு மும்பைக்கான அளவு 400ஐக் கடந்தது. ரூட்டருக்கு அப்போதும் 1 மில்லி வினாடியே. தாமதம் வீட்டை விட்டு வெளியேறும் வாயிலில் நிற்கிறது என்று இதனால் அறிந்தோம்.

வரிசையில் நின்றவர் யார்?

நொய்யலாற்றின் குளங்களை அறிந்தோர்க்குத் தேக்கம் என்பது நற்சொல். மழைக்காலத்து நீரைப் பெரியகுளமும் வாலாங்குளமும் தேக்கி வைப்பதால்தான் ஊருக்கு நிலத்தடி நீர் நிற்கிறது. இணையக் கருவிகளுக்குள்ளும் அத்தகைய சிறு குளங்கள் உண்டு. வெளியேறும் வழி குறுகலாக இருக்கையில், வந்து குவியும் பொட்டலங்களை அவை தேக்கி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக விடும். நீரைத் தேக்குவது ஊருக்கு நன்மை. செய்தியை அளவுக்கு மீறித் தேக்குவதோ தாமதமாய் முடிகிறது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் இணைப்பில் பதிவேற்றம் வினாடிக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 மெகாபைட். வாயிலில் உள்ள தேக்கம் அரை மெகாபைட் கொள்ளுமாயின், அது நிறைந்திருக்கும்போது வந்து சேரும் பொட்டலம் 0.4 வினாடி, அதாவது 400 மில்லி வினாடி காத்திருந்தே வெளியேற முடியும். பெரிய கோப்பை அனுப்பும் கருவியோ, பொட்டலம் தொலைந்தால்தான் நெரிசல் என்று உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். பெரிய தேக்கத்தில் பொட்டலம் எளிதில் தொலைவதில்லை. ஆகவே அது குறைக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இக்குறையை 2010ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கக் கணிப்பொறியாளர் தம் சொந்த வீட்டு இணைப்பிலேயே கண்டறிந்தார். அதற்குப் பஃபர்புளோட் என்று பெயர் வழங்கலாயிற்று. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் அதற்கு ஒரு மருந்து கண்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பதே அவர்களின் முறை. அதனுடன் நேர்மையான பங்கீட்டையும் சேர்த்த மற்றொரு முறை 2018இல் இன்டர்நெட் எஞ்சினியரிங் டாஸ்க் ஃபோர்ஸின் ஆவணமாக வெளிவந்தது. அதன்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை; சிறிது கேட்பவர், பெருஞ்சுமை கொணர்ந்தவருக்குப் பின்னால் நின்று வாட வேண்டியதில்லை. ஆத்துப்பாலம் சாலையில் நெரிசல் மிக்க வேளையில், சரக்கு லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதற்கு ஒப்பானது இது.

எனில், எங்கள் வாயிலில் லாரிகளை நிறுத்தியவர் யார்? நான்காம் நாள் மாலை சோதித்தோம். நன்னிமாவை மட்டும் பேசச் சொல்லி, மற்ற கைப்பேசிகளின் வைஃபையை நிறுத்தினோம். மும்பைக்கான அளவு 35. குரல்வழிப் பேச்சுக்கு வேண்டியது வினாடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவே. 10 மெகாபிட் வழியில் அது நூறில் ஒரு பங்கு. பின்னர் மற்ற கைப்பேசிகளை ஒவ்வொன்றாக இணைத்தோம். கடைக்குச் சென்று திரும்புவோர், கல்லூரியிலிருந்து வருவோர் என அனைவரின் கைப்பேசிகளும் வீட்டு வைஃபையைக் கண்டவுடன் அன்றைய படங்களையும் காணொளிகளையும் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கின. அளவு 420க்கு ஏறியது. அவற்றுள் மிகப் பெரிய சுமை இளையவனின் கைப்பேசியிலிருந்தே சென்றது. தன் ஆட்டங்களைப் பதிவு செய்த காணொளிகள் அவை!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எல்லோரும் வீடு திரும்பும் நேரமும் நன்னிமா பேசும் நேரமும் ஒன்றாயின. உடன் நிகழ்வது வேறு, காரணமாவது வேறு என்று தருக்க நூலார் கூறும் பாடத்தை ஒரு கம்பி எங்கள் வீட்டுக்குக் கற்பித்தது.

தீர்வும் தெளிவும்

படங்களை அனுப்பும் வேலையை நள்ளிரவுக்குப் பின் மாற்றினோம். வரிசையை நேர்மையாகப் பங்கிடும் வசதியுள்ள ரூட்டரில், பதிவேற்றத்துக்கு 10 மெகாபிட் வழியில் 9 என்று வரம்பிட்டோம். வரம்பு சற்றுக் குறைவாக இருந்தால்தான், வரிசை வெளியாரின் கருவியில் சேராமல் நம் ரூட்டரிலேயே சேர்ந்து ஒழுங்கு பெறும். அதன் பின்னர் மாலை வேளையிலும் அளவு 45ஐத் தாண்டவில்லை. அதிக விலையுள்ள திட்டத்துக்கு மாறும் தேவையே எழவில்லை.

எல்லா வீடுகளிலும் தாமதம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று கூற மாட்டோம். இணைப்பு தருவோரின் முதற்படியிலேயே, வீட்டில் எவரும் எதுவும் அனுப்பாத வேளையிலும், எண் உயர்ந்து நின்றால் குறை அவர்களுடையதே. உள்நாட்டுச் செய்தி வெளிநாடு சென்று சுற்றி வராதிருக்க வேண்டும் என்றே 2003இல் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா அமைக்கப்பட்டது. ஆயினும் மும்பைக்குச் செல்ல வேண்டிய பொட்டலம் வேறு வழியாகச் சுற்றுவதுண்டு. வழியின் ஒவ்வொரு படியையும் காட்டும் டிரேஸ்ரூட் என்னும் கருவியின் விடைகளையும், நாளும் நேரமும் குறித்த அளவுகளையும் இணைத்து முறையிட வேண்டும். "இணையம் மெதுவாக இருக்கிறது" என்னும் புலம்பலுக்கு விடை கிடைப்பது அரிது. அளவுகளோடு கூடிய முறையீட்டை எவராலும் எளிதில் ஒதுக்க இயலாது.

பெரியவர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். முன்னாளில் வளைகுடாவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் பல செயற்கைக்கோள் வழியே வந்தன. 36,000 கிலோமீட்டர் மேலேறி மீண்டும் கீழிறங்க ஒரு சொல்லுக்குக் கால் வினாடி ஆயிற்று. ஒருவர் பேசி முடித்துச் சிறிது பொறுத்தால்தான் மறுமுனைச் சொல் வரும். பொறுக்காதபோது இருவர் சொற்களும் மோதும். குரல் பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நன்று என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் உள்ளது. பேரனின் ஆட்டத்தைக் கெடுக்கும் தாமதமும் தாயின் செவியில் மகனின் குரலை உடைக்கும் தாமதமும் வேறு வேறல்ல. ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீரும். ஆகவே இளைஞர்கள் "பிங்" என்று பேசும்போது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம்.

இவ்வாறு கூறுவதால் எல்லா ஆட்டத்தையும் ஏற்கிறோம் என்று பொருளன்று. பணம் வைத்தாடும் ஆட்டம் மார்க்கம் விலக்கிய சூதே. தமிழ்நாடு சட்டமன்றமும் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. உறக்கத்தையும் தொழுகையையும் படிப்பையும் விழுங்கும் ஆட்டமும் நமக்கு வேண்டாம். அளவோடு ஆடும் நல்லாட்டத்தைப் பற்றியே இங்குப் பேசினோம்.

மாணவச் செல்வங்களே! ஒரு குறை தோன்றும்போது, வாய் பேசாத எளியவரின் மேல் பழியைப் போடுவது மனித இயல்பாக உள்ளது. வீட்டில் அது முதியவர்மேல் விழுகிறது; ஊரில் ஏழையின்மேல் விழுகிறது; நாட்டில் சிறு எண்ணிக்கையினர்மேல் விழுகிறது. பழி சொல்லுமுன் அளந்து பார்ப்பவனே கற்றவன். நூறில் ஒரு பங்கைப் பயன்படுத்தியவரைக் குற்றவாளி என்றும், மீதியை நிறைத்தவனைப் பாதிக்கப்பட்டவன் என்றும் கூறாதிருக்க ஒரு குறிப்பேடும் நான்கு மாலைகளும் போதுமானவையாய் இருந்தன. உங்கள் கையில் உள்ள கருவிகளை விளையாட்டுக்கு மட்டுமன்றி, நீதிக்கும் பயன்படுத்துங்கள். பொது வழியில் உங்கள் சுமை எவ்வளவு என்பதை முதலில் அளந்தறியுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அதற்குரிய பொறுமையை நம் அனைவர்க்கும் அருள்வானாக!